மாடலுக்கு விசா உண்டு, நெசவாளிக்கு இல்லை

2025 செப்டம்பர் 19 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் ஒரு பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். வெளிநாட்டில் இருக்கும் ஒருவரைப் புதிதாக எச்-1பி விசாவில் வேலைக்கு எடுக்க வேண்டுமென்றால் அந்த நிறுவனம் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும். அன்றைய கணக்கில் ஏறக்குறைய 88 லட்சம் ரூபாய். அடுத்த சில நாட்கள் தொலைக்காட்சி விவாதங்களில் இதே பேச்சுதான். இந்தியத் திறமைக்கு விழுந்த அடி என்று எல்லோரும் வருத்தப்பட்டார்கள்.

பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பு வட்டத்திலும் இந்தப் பேச்சு வந்தது. கல்லூரியில் படிக்கும் ஒரு தோழர் கேட்டார்: "இது நம்ம பிரச்சினையா? நம்ம தெருவுல யாரு அமெரிக்கா போயிருக்காங்க?" நியாயமான கேள்வி. நம் தெருவில் யாரும் போகவில்லை என்பதாலேயே இது நம் பிரச்சினை என்று நாங்கள் நினைக்கிறோம். ஏன் என்று சொல்கிறோம்.

எச்-1பி விசா இன்றைய வடிவில் அமெரிக்காவின் 1990 குடியேற்றச் சட்டத்தில் பிறந்தது. ஆண்டுக்கு 65,000 பேர். அமெரிக்காவிலேயே முதுகலை அல்லது அதற்கு மேல் படித்தவர்களுக்கு மேலும் 20,000. விண்ணப்பங்கள் அதிகமென்றால் குலுக்கல். யார் 'உயர்திறன்' உள்ளவர்? அந்த வேலைக்கு இளங்கலைப் பட்டமாவது தேவைப்பட வேண்டும், வருபவரிடம் அந்தப் பட்டமோ அதற்கு இணையானதோ இருக்க வேண்டும். பட்டம் குறைந்தால் மூன்று ஆண்டு அனுபவத்தை ஓராண்டுக் கல்லூரிப் படிப்புக்குச் சமமாகக் கணக்கிட விதியில் இடம் உண்டு. ஆனால் வேலையே பட்டம் கேட்கும் வேலையாக இருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். நாற்பது ஆண்டு தறியில் உட்கார்ந்தவருக்கு அந்த விதி ஒரு நாள்கூடக் கணக்கில் சேர்க்காது.

இதே எச்-1பியில் பட்டமே கேட்காத ஒரு பிரிவும் இருக்கிறது. புகழ்பெற்ற ஃபேஷன் மாடல்களுக்கான பிரிவு. ஆக, காஞ்சிப் பட்டை உடுத்தி மேடையில் நடப்பவருக்கு அந்த விசாவில் இடம் உண்டு. அதை நெய்தவருக்கு இல்லை. மாடல்கள் மீது நமக்குக் கோபம் எதுவும் இல்லை. சட்டம் நினைத்தால் பட்டம் இல்லாமலும் திறமையைப் பார்க்க முடியும், யாருடைய திறமை என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறோம்.

கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து மூன்று நாடாக்களை ஓட்ட வேண்டும். ஒவ்வொரு ஊடைக்கும் கரை நூலும் உடல் நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டு தவறினால் கரை தனியே வந்துவிடும். முந்திக்கு நிறம் மாற்ற, பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாகக் கோக்க வேண்டும். இதைக் கற்க வருடங்கள் ஆகும். காஞ்சிப் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு துணிக்கு. கைக்கு ஒரு சான்றிதழும் இல்லை.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காஞ்சித் தறி என்றால் சாலியர், செங்குந்தர், தேவாங்கர், சௌராஷ்டிரர் என்று வரிசையாகச் சொல்வார்கள். கரைப் பக்கம் உட்கார்ந்து நாடா தள்ளிய பிள்ளைகளில், சுற்றுக் கிராமங்களில் கூலிக்கு நெய்பவர்களில் நம் மக்களும் இருப்பதை அந்த வரிசை சொல்லாது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக்கு வந்த பிள்ளைகளைப் பற்றிய அறிக்கை அது. அன்று பத்து வயதில் இருந்தவர்களுக்கு இப்போது முப்பதுக்கு மேல். எங்கள் வயது.

அவர்களில் ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் பாஸ்போர்ட் விண்ணப்பிக்க உதவினோம். தறி வேலை குறைந்து, வளைகுடாவில் கிடங்கு வேலைக்குப் போக முடிவெடுத்திருந்தார். பாஸ்போர்ட் வந்ததும் கடைசிப் பக்கத்தில் இருந்த வரியைக் காட்டி அர்த்தம் கேட்டார். 'இசிஆர்', அதாவது குடிபெயர்வு அனுமதி தேவை. 1983 குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் வந்த ஏற்பாடு இது. பத்தாம் வகுப்பு தேறாதவர், வேறு விலக்கு எதுவும் பொருந்தாவிட்டால், குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் தனி அனுமதி வாங்க வேண்டும். ஏமாற்றப்படாமல் காக்கத்தான் இந்தச் சட்டம் என்று விளக்கினோம். அவர் கேட்டார்: "அதெல்லாம் சரி தம்பி. எட்டு வயசுலேர்ந்து தறியில இருக்கேன். எனக்கு வேலை தெரியாதுன்னா எழுதியிருக்காங்க?"

அப்படி எழுதவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை அவர் படித்த விதத்தில் தவறும் இல்லை. 2018 ஜனவரியில் மத்திய அரசு இசிஆர் பாஸ்போர்ட்டுக்கு மட்டும் ஆரஞ்சு நிற அட்டை போடப் போவதாக அறிவித்தது. இரண்டாந்தரக் குடிமக்களாக்குகிறீர்களா என்று எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாதமே கைவிட்டது. நிறம் வரவில்லை, கோடு இருக்கிறது. உயர்திறன், குறைதிறன் என்ற கோட்டை அமெரிக்கத் தூதரகம் போடுவதற்கு முன்பே, பத்தாம் வகுப்பு வாசலில் நம் நாடு போட்டுவிடுகிறது. அந்த வாசலுக்கு முன்பே பிள்ளையைத் தறிக்கும் செங்கல் சூளைக்கும் அனுப்பியது எது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கோட்டுக்கு அந்தப் பக்கம் போனவர்கள் யார்? அண்மை ஆண்டுகளில் அனுமதிக்கப்பட்ட எச்-1பி விண்ணப்பங்களில் 70 சதவீதத்துக்கு மேல் இந்தியாவில் பிறந்தவர்களுடையவை. அவர்களுடைய சாதியை அமெரிக்க அரசு கேட்பதில்லை. ஆனால் வரலாற்றைப் பார்க்கலாம். ஐஐடிகளில் பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு இடஒதுக்கீடு வந்ததே 1973இல்தான். அதற்கு முன்பே மக்கள் வரிப்பணத்தில் படித்து ஒரு தலைமுறை விமானம் ஏறிவிட்டது. பின்னால் வந்தவர்களுக்கு அத்தை வீடும் மாமா வீடும் அங்கே இருந்தன. தலைமுறைகளாகச் சாதி தந்த வசதி எப்படி 'தகுதி' என்று பெயர் மாற்றிக்கொள்கிறது என்பதைச் சென்னை ஐஐடியை மையமாக வைத்து அஜந்தா சுப்பிரமணியன் 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்' (2019) நூலில் எழுதியிருக்கிறார். சமூகவியல் படிக்கும் தோழர்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டும்.

தப்பித் தவறி நம்மவர் ஒருவர் போய்ச் சேர்ந்தால்? சாதிக்கு விசா தேவையில்லை. சிஸ்கோ நிறுவனத்தில் தலித் பொறியாளர் ஒருவர் ஆதிக்கச் சாதி மேலாளர்களால் பாகுபடுத்தப்பட்டார் என்று 2020 ஜூனில் கலிபோர்னியா அரசுத் துறையே வழக்குப் போட்டது. நிறுவனம் மறுத்தது. அந்த இரண்டு மேலாளர்கள் மீதான வழக்கு 2023இல் திரும்பப் பெறப்பட்டது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய எஸ்பி 403 மசோதாவை, இருக்கும் சட்டங்களே போதும் என்று சொல்லி அக்டோபரில் ஆளுநர் நியூசம் நிராகரித்தார்.

இங்கேதான் விசா விதி நேராக நம் மேல் வந்து விழுகிறது. எச்-1பியில் இருப்பவர் வேலை இழந்தால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு நிறுவனம் விண்ணப்பிக்க வேண்டும், இல்லையேல் பெரும்பாலும் நாடு திரும்ப வேண்டும். மேலாளர் சாதி கேட்டுத் தோளைத் தடவிப் பார்க்கிறார் என்று வையுங்கள். ஊரில் கல்விக்கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது யார் புகார் கொடுப்பார்? முன்பணம் வாங்கிய நெசவாளி, கடனைத் தீர்க்காமல் இன்னொரு முதலாளியின் தறிக்குப் போக முடியாது என்பது எங்கள் பகுதியில் தெரிந்த கதை. சம்பளமும் சட்டமும் வேறு வேறுதான், இரண்டையும் சமம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் வெளியேற முடியாதவரிடம் சாதி எப்படி நடந்துகொள்ளும் என்பது நமக்குத் தெரியும்.

அப்படியென்றால் போகவே வேண்டாமா? போக வேண்டும். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுண்டை நம்பிக் கொலம்பியாவுக்குப் போனார் பாபாசாகேப். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்து, லண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து பரோடாவில் வேலையில் சேர்ந்தார். தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தங்கியவரைத் தடி ஏந்திய கூட்டம் வந்து வெளியேற்றியது. உலகின் சிறந்த பல்கலைக்கழகங்களில் படித்தவருக்கு, தன் சொந்த நாட்டு ஊர் ஒன்றில் தங்க அனுமதி இல்லை. அதை எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளின் தலைப்பு 'வெயிட்டிங் ஃபார் எ விசா'. அந்தத் தலைப்புக்கு விளக்கம் தேவையில்லை.

ஆகவே தோழர்களே, செய்ய வேண்டியதைச் செய்வோம். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையில் மொத்தம் 125 இடங்கள். 115 பட்டியலினத்தவருக்கு, 6 சீர்மரபினருக்கும் நாடோடிப் பழங்குடியினருக்கும், 4 நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பங்களுக்கு. நாடு முழுவதற்கும் நான்கு! இந்த நான்கைப் பற்றிப் பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் கேட்ட தறிக் குடும்பங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்த உதவித்தொகையிலும் 2022இல் இந்தியச் சமூகம், வரலாறு, பண்பாடு பற்றிய ஆய்வுகளை நீக்கினார்கள். வெளிநாடு போய்ச் சாதியைப் படிக்காதே என்று இதற்குப் பொருள். 2025இல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டுமே கடிதம் கொடுத்து, மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். விண்ணப்பிப்பதும் நம் வேலை, இதைக் கேட்பதும் நம் வேலை.

ஜெர்மனியைப் பாருங்கள். 2024 அக்டோபரில் இந்தியர்களுக்கான திறன் பணியாளர் விசாவை ஆண்டுக்கு 20,000 என்பதிலிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தார்கள். அவர்களுடைய 'வாய்ப்பு அட்டை' பட்டத்தோடு, அரசு அங்கீகரித்த இரண்டாண்டுத் தொழிற்பயிற்சியையும் ஏற்கிறது. ஐடிஐ முடித்த நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தறி கற்ற கைக்கும் அங்கே செல்லுபடியாகும் சான்றிதழ் வேண்டும் என்று நாம் அரசிடம் கேட்க வேண்டும். சாதிப் பாகுபாடு சட்டப்படி குற்றம் என்று எழுத வைக்கும் போராட்டத்தை அங்கிருக்கும் தோழர்கள் நடத்துகிறார்கள், அவர்களோடு நிற்க வேண்டும்.

இந்த மாதம் உங்கள் தெருவில் மூன்று வேலை செய்யுங்கள். பத்தாம் வகுப்பில் நின்றுபோனவர்களைக் கணக்கெடுத்துத் தனித்தேர்வு எழுத வையுங்கள். கடைசி ஆண்டுக் கல்லூரி மாணவர்களிடம் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் மூன்றிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறோம். உதவித்தொகை அறிவிப்பை அச்செடுத்து, தறிக்கூடத்துக்கும் காலனி நூலகத்துக்கும் கொண்டுபோய் ஒட்டுங்கள்.

ஜெய் பீம்.