பூந்தொட்டியில் ஒரு தாய்வீடு

எங்கள் கொல்லையில் உள்ள பூந்தொட்டிகள் சிலவற்றில் பாம்பு குடியிருக்கிறது என்றால், "ஐயையோ!" என்பீர்கள். பயப்படாதீர்கள், அது செவிப்பாம்பு.

ஐந்தாறு அங்குல நீளம். சேமியாவைவிடக் கொஞ்சம் கனம். மண்புழு என்றே பலரும் நினைப்போம். மண்புழு உடம்பு வளையம் வளையமாக இருக்கும், பிசுபிசுக்கும். இதற்கோ வழவழவென்று செதில்; நாக்கை நீட்டி நீட்டி இழுக்கும். கண், செதிலுக்கு அடியில் வெறும் கரும்புள்ளி.

பேர்தான் வம்பு. தூங்குகிறவர் காதுக்குள் புகுந்துவிடும் என்று ஒரு பேச்சு. என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்த சமயம், மழைநாளில் ஒன்று முற்றத்தில் நெளிந்தது. "பச்சைப் புள்ள இருக்கிற வீடு. எல்லாத் தொட்டியிலும் மண்ணெண்ணெய் ஊத்தும்மா" என்று மாமியார் பிடிவாதமாக நின்றார்.

"அத்தே, அதுக்கு விஷமே கிடையாது. தேடுறது எறும்பு முட்டையும் கரையான் குஞ்சும். காதுல அதுக்கு என்ன இருக்கு?" என்றேன். அவர் மனம் ஆறவில்லை. குழந்தையைப் பாயிலிருந்து கட்டிலுக்கு மாற்றினோம். அது எப்படியும் நல்லதுதான். ராத்திரியில் தரையில் படுப்பவர்களைத்தான் பெரும்பாலும் கட்டுவிரியன் கடிக்கிறது.

அவரை மசிய வைத்தது வேறு சங்கதி. இந்த இனத்தில் இதுவரை கண்டதெல்லாம் பெண்தான்! ஆண் துணையில்லாமலே அரிசிமணி போலச் சில முட்டைகள் இடும். குஞ்சுகளும் தாயை அச்சில் வார்த்த பெண்களே. ஒன்றே ஒன்று தொட்டி மண்ணோடு போனாலும் போதும், வம்சம் தழைக்கும். அப்படித்தான் செடிகளோடு பயணம் போய் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா வரை பரவிவிட்டது.

முப்பது வயதில் கணவரை இழந்து நாலு குழந்தைகளை ஆளாக்கியவர் என் மாமியார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவளும் என்னைப் போலத்தானா? இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

இதற்குக் கூண்டு வேண்டாம், தீனி வேண்டாம். நிழலில் ஒரு மண்தொட்டி, மக்கிய இலை, மேலே ஓர் உடைந்த ஓடு, எப்போதும் லேசான ஈரம் போதும். எறும்புப் பொடியும் பூச்சிமருந்தும் கூடாது. மண் மாற்றும்போது கையால் மெதுவாகக் கிளறுங்கள். முட்டை தென்பட்டால் அதே மண்ணால் மூடிவிடுங்கள்.

ஒரு ஜாக்கிரதை: உடம்பில் பட்டையோ புள்ளியோ இருந்தால், பென்சிலை விடக் கனமாக இருந்தால், அது செவிப்பாம்பு அல்ல. குழந்தைகளை அப்பால் அழைத்துக்கொண்டு விலகிவிடுங்கள். எந்தப் பாம்பு கடித்தாலும் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட இடத்தை அசைக்காமல், விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள்.