கட்டைவிரல் தழும்பு

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு திரைக்கதைப் போட்டியில் எனக்கு முதல் பரிசு கிடைத்தது. ஐம்பதாயிரம் ரூபாய், ஒரு கேடயம். பாண்டியர் காலத்துக் கொற்கையில் நடக்கும் மாயக்கதை. அதற்கு உயிர் கொடுத்த காட்சி என்னுடையது அல்ல. திருடியது. சும்மா கிடந்ததை எடுக்கவில்லை. ஒருவர் என்னை நம்பிச் சொன்னதை எடுத்தேன்.

அவர் திரேஸ்புரத்தில் சங்கு குளித்தவர். எண்பதைத் தாண்டியவர். 1961-ல் தூத்துக்குடியில் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் இளந்தாரியாகப் படகேறியவர். சாயங்காலமானால் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுவேன். வெறுங்கையோடு போகமாட்டேன். நூறு கிராம் மக்ரூன் வாங்கிப் போவேன். பல்லில்லாத வாய்க்கு அது தோதாக இருந்தது. பாசத்தில் போனதாக அவர் நினைத்தார். நான் போனது கதை பொறுக்க.

என் கதாநாயகன் ஒரு கடல்கட்டி. முத்துக்குளிக்கும் நாட்களில் கரையில் உட்கார்ந்து, மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுகிறவனுக்கு அந்தப் பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அப்படிப்பட்டவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு முத்து கூலியாகப் போனதாக எழுதியிருக்கிறார். நல்ல கருதான். ஆனால் ஆறு முறை எழுதியும் கதை அசையவில்லை. கடல்கட்டி மந்திரம் சொன்னான், சுறா ஓடியது. அவ்வளவுதான்.

அன்றைக்குக் கரண்ட் இல்லை. திண்ணையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவராகத்தான் ஆரம்பித்தார்.

"தம்பி, ஒங்கிட்டச் சொல்லணும்போல இருக்கு. கோயில்ல சாமியார்ட்டகூடச் சொல்லல."

அவருடைய அண்ணன் கல்லைக் காலில் மாட்டிக் கீழே இறங்கியிருக்கிறார். படகில் கயிறு பிடித்தவர் இவர். இரண்டு இழுப்பு இழுத்தால் மேலே தூக்க வேண்டும். முந்தின ராத்திரி தூக்கம் இல்லை. கண் செருகியது. தூங்கினாலும் தெரிந்துவிடும் என்று கயிற்றைக் கால் கட்டைவிரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டார். தூங்கிவிட்டார். வலியில் முழித்தபோது விரலில் சதை கிழிந்து ரத்தம். கீழே இருந்து அண்ணன் எத்தனை தடவை இழுத்தாரோ. தூக்கினார். மூச்சு இல்லை. கயிறு பாறையில் சிக்கிவிட்டது என்று கரையில் சொன்னார். விரல் தழும்பைக் கேட்டவர்களுக்கு, சிப்பி கிழித்தது என்றார். அறுபது வருஷமாக அதையே சொல்லி வந்தார்.

"ஒன்னோட இருக்கட்டும்ல" என்றார்.

"சரி தாத்தா" என்றேன்.

என் வீட்டுக்குப் பத்து நிமிட நடை. நடக்கும்போதே காட்சி விரிந்துவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுதி முடித்தேன். கை நடுங்கவில்லை. சந்தோஷமாக இருந்தேன். இதை நான் மறைக்கக் கூடாது.

எனக்கு ஒரு சமாதானமும் கையில் இருந்தது. கொற்கை. கிரேக்கப் புவியியலாளர் தாலமி 'கொல்கோய்' என்று குறித்த துறைமுகம் இன்று வயலும் குளமும் பழைய வன்னிமரமுமாக நிற்கும் சின்ன ஊர். தாமிரபரணி மண்ணைக் கொட்டிக் கொட்டி, கடல் சில மைல் தள்ளிப் போய்விட்டது. அங்கே நின்று பார்த்தால் அலைச் சத்தம்கூடக் கேட்காது. திரேஸ்புரத்துக் கதையை அந்த ஊரில் கொண்டுபோய், இரண்டாயிரம் வருஷம் முன்னால் புதைத்துவிட்டால் யார் தோண்டப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

புதைத்ததோடு நிற்கவில்லை. தூங்கிப்போன தம்பி எனக்குப் போதவில்லை, திருப்பம் வேண்டியிருந்தது. அதனால் ஒரு முத்துக்காகக் கடல் தேவதையிடம் அண்ணனை விற்கிறவனாக அவனை மாற்றினேன். கயிற்றின் இழுப்பு தெரிந்தும் கண்ணை மூடிக்கொள்கிறான். கட்டைவிரலையும் தழும்பையும் மட்டும் அப்படியே வைத்துக்கொண்டேன். அவை அத்தனை நன்றாக இருந்தன.

சென்னையில் நேர்முகம். நடுவர்கள் மூன்று பேர். ஒருவர் கேட்டார்: "அந்தக் கட்டைவிரல் எப்படித் தோன்றியது?"

ஒரு நொடி இருந்தது. 'ஒரு பெரியவர் சொன்னார்' என்றால் போதும். பெயர்கூட வேண்டாம். எனக்குப் பரிசு போய்விடுமோ என்ற பயம். அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. அந்த நடுவரின் கண்ணில் நான் அப்போது மேதையாக இருந்தேன். அதை இறக்கி வைக்க மனசில்லை.

"தூக்கத்தில் வந்தது சார்" என்றேன்.

பிரதியின் முதல் பக்கத்தில் நன்றி என்று ஒரு பட்டியல் போட்டிருந்தேன். கொற்கையில் தோண்டிப் பார்த்த கால்டுவெல்லுக்கு நன்றி. மார்க்கோ போலோவுக்கு நன்றி. பத்து நிமிட நடையில் இருந்தவர் அதில் இல்லை.

ஒரு வார இதழ் அந்தக் காட்சியை மட்டும் என் படத்தோடு அச்சிட்டது. நானே ஐந்து பிரதி வாங்கி ஊரில் கொடுத்தேன். அதில் ஒன்று அந்த அண்ணன் மகளின் கைக்குப் போனது. அப்பா முகம் தெரியாமல் வளர்ந்தவர். சித்தப்பாவுக்கு மத்தியானச் சோறு தினமும் அவர் வீட்டிலிருந்துதான் போகும்.

என் வீட்டு வாசலில் வந்து நின்றார். இதழ் கையில் சுருண்டிருந்தது.

"எங்கப்பா கயிற இழுத்தாராப்பா?"

"கதைதான்க்கா" என்றேன்.

"அப்பம் அந்தத் தழும்பு?"

நான் பதில் சொல்லவில்லை. உண்மை தூக்கம் மட்டும்தான், விற்றது என் கற்பனை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் திருட்டு வெளியே வரும். வாயை மூடிக்கொண்டேன். அவர் சித்தப்பா தூங்கிப்போன ஆள் என்றல்ல, அப்பாவை விற்ற ஆள் என்று நம்பித் திரும்பிப் போனார்.

சோறு நின்றது. இப்போது தெருமுனைக் கடை இட்லிதான் பெரியவருக்கு இரண்டு வேளையும். திண்ணையில் உட்காருவதையும் விட்டுவிட்டார். யாரிடமும் அவர் என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாகத் தெரியவில்லை.

இதை எழுதுவதும் அதே குற்றம்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஊர் அரைகுறையாக அறிந்ததை முழுதாகச் சொல்ல வேறு வழி தெரியவில்லை. அக்கா, நீங்கள் இதைப் படித்தால்: அவர் தூங்கிப்போனார். விற்கவில்லை. விற்றவன் நான்.

பரிசுப் பணத்தில் லேப்டாப் வாங்கினேன். இதை அதில்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பத்து நிமிட நடையை இந்த மூன்று வருஷத்தில் ஒருநாளும் நடக்கவில்லை.