கொல்லைப்புறத்தில் ஓர் ஆகாய விமானம்

கொல்லைப்புறத்தில் கோழிக்கூடு கட்டுவார்கள், மாட்டுக்கொட்டகை கட்டுவார்கள். ஆகாய விமானம் கட்டுவார்களோ? கட்டியிருக்கிறார், சகோதரிகளே!

கேரளத்தில் ஆலப்புழையைச் சேர்ந்த எஞ்சினீயர் அசோக் தாமராட்சன், இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் என்னும் இடத்தில் குடியிருப்பவர். 2020 ஊரடங்கின்போது வீட்டுத் தோட்டத்தில் ஷெட் போட்டு வேலையை ஆரம்பித்தார். சுமார் 18 மாதம், 1,500 மணி நேர உழைப்பு, ஏறக்குறைய 1,40,000 பவுண்டு செலவு. நாலு பேர் உட்காரும் அந்த விமானம் 2022-ல் பறந்தது. அதற்குச் சின்ன மகளின் பெயர்.

பழைய தகரத்தைத் தட்டிச் செய்த விஷயமல்ல. தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் கம்பெனி, அலுமினியத் தகடுகளை அளவாக வெட்டி, துளையும் போட்டுப் பெட்டியில் அனுப்புகிறது. துளைக்குத் துளை சேர்த்து ரிவிட் அடிக்க வேண்டும். ஒவ்வொரு தகட்டிலும் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பெரிய மகள் உரித்துக் கொடுத்தாளாம். இரண்டு பேர் பிடிக்க வேண்டிய இடத்தில் மனைவி கை கொடுத்தாராம். பேர் ஒருவருக்கு என்றாலும், குடும்பமே சேர்ந்து கட்டிய விமானம் அது.

டிப்ளமா படிக்கிற என் மகன் இதைப் படித்துவிட்டு, "நானும் ஒருநாள் கட்டுவேம்மா, உன்னைத்தான் முதல்ல ஏத்துவேன்" என்கிறான். எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது!

எங்கள் சதுரங்கப்பட்டினக் கடற்கரைப் பக்கம் கட்டுமரக்காரர்கள் அந்த நாளில் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைப் பிரித்துக் காயப்போடுவார்கள். மறுபடி தாங்களே கட்டிக்கொண்டு கடலுக்குப் போவார்கள். தம் கைக்கட்டை நம்பித்தான் உயிர். ஆனால் கட்டு நெகிழ்ந்தாலும் மரம் மிதக்கும், பிடித்துக்கொள்ளலாம். ஆகாயத்தில் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

அதனால்தான் அங்கே இன்னொருவர் கண்ணும் வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் கட்டம் கட்டமாக வந்து பார்ப்பார். இறக்கையை மூடிவிட்டால் உள்ளே தெரியாதல்லவா? மூடுவதற்கு முன்பே காட்டியாக வேண்டும். சோதனைப் பறப்பும் தேறிய பிறகுதான் அனுமதி. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

நம் நாட்டிலும் மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி, மொட்டை மாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டி 2016-ல் கண்காட்சியில் வைத்தார். அதைப் பதிவு செய்ய 2017 ஆயிற்று. பொறுமையும் வேண்டும்.

பிள்ளைகள் இப்படி ஆசைப்பட்டால் சிரித்து ஒதுக்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். பணத்துக்கு வழி என்ன? மூடுமுன் பார்த்துச் சொல்ல விஷயம் தெரிந்தவர் யார்? வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால், தகட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள நாமே போகலாம்.