கைநாட்டும் கைக்குழந்தையும்

ஹைதராபாத் யூசுஃப்குடாவிலுள்ள அரசுக் காப்பகம் சிசு விஹார். தத்து மோசடி அம்பலமான 1999லும் 2001லும் மீட்கப்பட்ட கைக்குழந்தைகள் இங்கேதான் வந்தார்கள். பலர் லம்பாடிப் பழங்குடிக் குழந்தைகள். தண்டாக்களில் மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் தரகர் வந்துவிடுவார். சொற்பப் பணம் கைமாறும், குழந்தை வெளிநாட்டுத் தத்துக்குத் தயாராகிவிடும். காகிதத்தில் குறையேதும் இல்லை: தாயின் சம்மதம், கீழே கைநாட்டு. எழுத்தறியாதவள் எதற்குச் சம்மதித்தாள் என்று அவளைக் கேட்டவர் யார்?

2001ல் ஆந்திர அரசு, பெற்றோர் குழந்தையை ஒப்படைப்பதையே தடை செய்தது. (வறுமைக்குத் தடை போட அரசாணை ஏது?) 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமோ, ஒப்படைத்த தாய் மனம் மாற இரண்டு மாதம் தருகிறது. தண்டாவிலிருந்து நகரம் வர பஸ் கட்டணத்துக்கும், அன்று இழக்கும் கூலிக்கும் அவள்தான் வழி தேட வேண்டும்.