இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளில்

இலங்கையின் இரத்தினபுரியில் இறங்கியதும் பண்பொழிக்காரனான எனக்கு ஊர் புதிதாகத் தெரியவில்லை. எங்கள் ஊர்போலவே மலையடிவாரம், நெல்வயல், சாரல். சிவனொளிபாத மலைப் பக்கமிருந்து வரும் களு கங்கை ஊரை ஒட்டி ஓடுகிறது. ஆனால் இங்கே வயல்களின் நடுவே ஓலைக் கூரைகள் நிற்கின்றன. அவற்றின் அடியில் மாணிக்கக் குழிகள்.

நான் எட்டிப் பார்த்த குழி சதுரமாக இறங்கியது. பக்கங்கள் சரியாதபடி மரக்கட்டைகளைச் சட்டமாக அடுக்கி, இடுக்குகளில் பெரணி இலைகளைத் திணித்திருந்தார்கள். இலை தண்ணீரைக் கசியவிட்டு மண்ணைத் தடுக்கும். இதுபோலவே கல் தோண்டும் ஊரான ஆஸ்திரேலியப் பாலைவனத்துக் கூபர் பீடியில் 1915இல் ஓப்பல் கிடைத்தது. அங்கே வெயிலுக்குப் பயந்து ஜனங்கள் பலர் நிலத்தடியில் வீடு குடைந்து வாழ்கிறார்கள். இங்கே பயமெல்லாம் தண்ணீர்தான். பம்பு ஓடிக்கொண்டே இருந்தால்தான் ஆள் இறங்க முடியும்.

தேடுவது 'இல்லம்' எனப்படும் கூழாங்கல் படுகை. மலைப்பாறைகள் காலங்காலமாக உதிர்ந்து, ஆறுகள் அடித்துவந்து சேர்த்தது அது. நீலம், புஷ்பராகம், வைடூரியம் எல்லாம் கனமானவை என்பதால் அதிலேயே தங்கிவிட்டன. படுகையை எட்டியதும் பக்கவாட்டில் குடைந்து வாரி மேலே அனுப்புகிறார்கள்.

பிறகு கழுவல். தண்ணீரில் நின்று கூடையைச் சுழற்றச் சுழற்ற, சேறும் லேசான கற்களும் விளிம்பில் வழிந்துவிடுகின்றன. மிஞ்சியதை அனுபவசாலி ஒருவர் வெளிச்சத்தில் சாய்த்துத் துழாவுகிறார். கூட்டாளிகளின் கண்கள் எல்லாம் அவர் விரல்மேல். நான் பார்த்த கூடைகளில் ஒன்றும் அகப்படவில்லை. யாரும் முகம் சுளிக்காமல் அடுத்த கூடையை எடுத்தார்கள்.

தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து வேலைக்கு வரும் தமிழர் ஒருவர் கணக்கைச் சொன்னார்: "கல்லு கெடைச்சா பங்கு. இல்லாட்டி சாப்பாட்டுக் காசுதாண்ணே." நிலக்காரர், அனுமதிப்பத்திரக்காரர், பம்புக்காரர் பங்குகள் போக மீதியைத்தான் குழியில் இறங்கியவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள்.

இரத்தினபுரியில் ஒரு வீட்டுப் பின்புறம் கிணறு தோண்டியபோது சுமார் 510 கிலோ எடையுள்ள நட்சத்திர நீலக்கல் திரள் வெளிப்பட்டதாக 2021இல் உலகமெங்கும் செய்தி வந்தது. அந்தச் செய்தியில் கல்லின் எடையும் மதிப்பும் இருந்தன. மண்வெட்டி பிடித்தவர்களைப் பற்றி அதிகம் இல்லை.

தோண்ட அரசின் அனுமதி வேண்டும். வேலை முடிந்ததும் குழியை மூட வேண்டும் என்பது விதி. மூடாத குழிகளில் நீர் தேங்கிக் கொசு பெருகுகிறது, வயல் பாழாகிறது. நிலத்துக்கு விதி இருப்பதுபோல், கல் கிடைக்காத நாளுக்கும் இறங்கியவருக்கு உறுதியான கூலியும், மண் சரிந்தால் குடும்பத்துக்கு இழப்பீடும் வேண்டும். ராசிக்கல் வாங்கும் நாமும் கடையில் காரட்டோடு நிறுத்தாமல், தோண்டியவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்போம்.