நகத்தில் நிற்கிற கத்தி

முதல் பேனாக்கத்தியை மதுரைச் சித்திரைத் திருவிழாவில் வாங்கினேன். அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள், தமுக்கம் பக்கம் ஒரு தரைக்கடை. மீன் வடிவப் பிடி, கண்ணுக்குச் சிவப்புக் கல், முகம் பார்க்கலாம் போல முலாம். சேர்த்து வைத்திருந்த காசு அத்தனையும் அதற்கே போயிற்று.

அன்று சாயங்காலமே கிட்டிப்புள்ளுக்குக் கருவேலங்கட்டையைச் சீவ உட்கார்ந்தேன். நாலாவது சீவலில் அலகு தானாக மடிந்து ஆள்காட்டி விரலைக் கடித்தது. அம்மா காப்பித்தூளை அப்பித் துணி சுற்றினாள். கத்தியைப் பிடுங்கித் தெருமுனை ஆசாரித் தாத்தாவிடம் கொடுத்துவிட்டாள். அவர் அதைக் காதருகே வைத்து ஆட்டினார். கடகடவென்றது.

"இது தகரம்யா. பளபளப்புக்குக் காசு குடுத்துட்டு வந்திருக்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திலகர் திடல் சந்தைக்குக் கூட்டிப் போனார். பழைய ஸ்பானர், பூட்டில்லாத சாவிகள், சைக்கிள் செயின்களுக்கு நடுவே ஒரு சாக்கில் கத்திகள் கொட்டிக் கிடந்தன. குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தார். விரித்து, அலகைப் பக்கவாட்டில் அசைப்பார். துளி ஆடினாலும் சாக்குக்குப் போய்விடும். மூடும்போது 'டக்'கென்று வில் இழுக்க வேண்டும். அலகை வெயிலுக்கு நேராகப் பிடித்து முனையிலிருந்து பார்ப்பார். விளிம்பில் வெள்ளைக் கோடு மின்னினால் அங்கே மழுங்கல். கடைசியாகக் கட்டைவிரல் நகத்தில் மெல்ல வைப்பார். வழுக்கினால் கூரில்லை, நின்றால் கூர். நீளம் என் விரலுக்கு மேல் போகக்கூடாது என்பதிலும் கண்டிப்பு. நீள அலகு மனுசனைத்தான் வெட்டும், மரத்தை வெட்டாது என்பார்.

கடைசியில் அவர் கையில் நின்றது கறுத்த அலகும் மரப்பிடியுமாக ஒரு கிழட்டுக் கத்தி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"துரு இருக்கே தாத்தா."

"துருப்பிடிக்கிற இரும்புதான்யா நம்ம கல்லுக்கு மசியும். எண்ணெய் தொட்டு வச்சுக்க."

எவர்சில்வரில் நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்கு மேல் குரோமியம் இருக்கும், அதுதான் துருவைத் தடுக்கிறது என்று பின்னாளில் படித்தேன். நல்ல எவர்சில்வர்க் கத்திகளும் உண்டுதான். எங்கள் தரைக்கடைகளுக்கு அவை வரவில்லை.

பேனாவுக்கு எதற்குக் கத்தி என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. இறகுப் பேனாவின் முனையைச் சீவப் பிறந்த கத்தி அது. ஓலையில் எழுதிய நம்மவர்களிடம் மடக்கெழுத்தாணி இருந்தது: ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் ஓலையை நறுக்கும் கத்தி.

கருவேலத்தைத் தாத்தா தொடவிடவில்லை. பச்சை முள்முருங்கைக் கிளையைத்தான் வெட்டிக் கொடுத்தார். வெண்ணெய் மாதிரி மரம். "கையை வீசாத. மரத்தைப் பிடிச்சிருக்கிற கை கட்டைவிரலால அலகு முதுகைத் தள்ளு." நாரோட்டத்தோடு போனால் சுருள் சுருளாக வந்தது, எதிரே போனால் பிய்த்தது. பிய்த்த இடத்தில் நிறுத்திக் கட்டையைத் திருப்ப வேண்டும். இதற்கே ஒரு கோடை விடுமுறை போனது. நுனியால் குத்தித் தோண்டினால் மட்டும் அதட்டுவார். பூட்டில்லாத மடக்குக் கத்தி அப்படித்தான் மடிந்து விரலைக் கடிக்கும்.

முதலில் செதுக்கிய மாட்டுக்கு மூன்று கால். நாலாவது எதிர்நாரில் போய்விட்டது. தாத்தா அதைத் தன் உளிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

கத்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. தீட்டித் தீட்டி அலகு பாதி அகலமாகிவிட்டது. நகத்தில் வைத்தால் நிற்கிறது.