தாத்தாவின் ஜெர்மன் கத்தி

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனதும் ஒரு அதிர்ச்சி. தினமும் காலையில் மழுமழுவென்று சவரம் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கும் தாத்தா, ஒரு வாரத் தாடியோடு இருந்தார். "கை நடுங்குதுடா. இனிமே யாருக்குக் காட்டப் போறேன்" என்றார்.

"நான் பண்ணி விடட்டா தாத்தா?"

"அந்த ஜெர்மன் கத்தியில பண்ணுவேன்னா சரி" என்று சிரித்தார். அது துருப்பிடித்துப் பெட்டியில் கிடப்பது தெரிந்து சொன்ன பதில். நான் விடுவேனா?

டிரங்குப் பெட்டியின் அடியில் கிடைத்தது. பிளேடு மாட்டும் ரகம் இல்லை, தீட்டிப் பயன்படுத்தும் மடக்குக் கத்தி. 'சோலிங்கன், ஜெர்மனி' என்று முத்திரை. கத்திக்குப் பேர்போன ஊர். கண்டவர்களும் அந்த ஊர்ப் பெயரைப் போட்டு விற்கக்கூடாது என்று 1938-இல் ஜெர்மனியில் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள்.

பழைய கத்தி தேறுமா என்று எப்படிப் பார்ப்பது? முதலில் விரிசல். வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். கூர்வாயில் விரிசல் இருந்தால் ஷோகேஸில் வைக்கலாம், முகத்தில் வைக்கக்கூடாது. அடுத்து துரு. மேலாக இருந்தால் தேய்த்தால் போய்விடும். கூர்வாயையே குழிகுழியாக அரித்திருந்தால் கூர் நிற்காது. நம்ம கத்தியில் முதுகுப் பக்கம்தான் துரு. வாயில் ஒரு சின்னச் சில்லு. தேறும்!

வாட்டர் பேப்பரில் எண்ணெய் விட்டுத் துருவை எடுத்தேன். சாணை மெஷினில் கொடுத்தால் சீக்கிரம் முடியும் என்று ஆசை வந்தது. நல்லவேளை கொடுக்கவில்லை. சூடேறினால் இரும்பின் பதம் போய்விடும், பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

சொதப்பியது தீட்டும்போது. அரிவாள்மனையைத் தீட்டுவது மாதிரி முதுகைத் தூக்கிப் பிடித்து இரண்டு நாள் தீட்டினேன். ஒரு முடிகூட வெட்டவில்லை. தெருமுனை சலூன்கார அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "தம்பி, முதுகும் வாயும் சேர்ந்து கல்லுல படுக்கணும். எவ்வளவு சாய்க்கணும்னு அந்த முதுகுதான் சொல்லும்."

அவ்வளவுதான் ரகசியம்! 1000 நம்பர் கல்லில் சில்லு மறையும் வரை, பிறகு 4000, 8000. கடைசியில் தோல்வாரில் முதுகு முன்னால் போகும்படி ஒரு 40 தடவை. வாரில் மட்டும் வாயை முன்னால் தள்ளினால் தோல் அறுந்துவிடும்.

பத்து நாள் என் கன்னத்தில்தான் பரீட்சை. தாடை ஓரம் ஒரு வெட்டு, தழும்பு இன்னும் இருக்கிறது :-)

பதினோராவது நாள் திண்ணையில் தாத்தாவை உட்கார வைத்தேன். கத்தியை 30 டிகிரி சாய்த்து, தோலை இழுத்துப் பிடித்து, மெதுவாக. கழுத்துப் பக்கம் வந்தபோது நடுங்கியது என் கைதான். அவர் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

முடித்ததும் கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "மோவாய்க்குக் கீழ விட்டுட்டியேடா" என்றார். "சரி விடு, நாளைக்குப் பண்ணு."

பி.கு: யாரும் முதல் பரிசோதனையை அடுத்தவர் கழுத்தில் செய்ய வேண்டாம், ப்ளீஸ்!